வரைபலகையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு: ஜைமி லெர்னரின் எட்டு ஆண்டுகள்

கட்டடக் கலைஞர் ஜைமி லெர்னரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1992-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரேசிலின் குரிட்டிபா நகரத்துக்கு மூன்று முறை மேயராக இருந்தவர், தனித்தடத்தில் ஓடும் விரைவுப் பேருந்தை உலகுக்குக் காட்டியவர், குப்பையை வாங்கிக்கொண்டு காய்கறி கொடுத்தவர் என்று போகிற கதை, அந்த ஆண்டு அவர் மேயர் பதவியை விட்டு இறங்குவதோடு முடிந்துவிடும். பிறகு 1995 முதல் 2002 வரை எட்டு ஆண்டுகள் அவர், குரிட்டிபாவைத் தலைநகராகக் கொண்ட பரானா மாநிலத்தின் ஆளுநர். பிரேசிலில் ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர். அவரைப் புகழ்ந்து வரும் கட்டுரைகளில் அந்த எட்டு ஆண்டுகளுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஒரு கட்டடக் கலைஞரின் கை அரசியலில் எதுவரை எட்டும், எங்கே எட்டாமல் போகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான். குரிட்டிபாவின் மீது மதிப்பு வைத்திருக்கிற ஒருவனாகவே இதைச் சொல்கிறேன்.

முதலில் நகரம். லெர்னர் 1937 டிசம்பரில் குரிட்டிபாவில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிறு கடை வைத்திருந்தார்கள். 1964-இல் பரானா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில்தான் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான் என்றாலும், அவருடைய பொதுவாழ்க்கையின் முதல் பாதியை ராணுவ ஆட்சியைத் தள்ளிவைத்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

1965-இல் குரிட்டிபாவுக்கு ஒரு புதிய திட்ட வரைவைத் தயாரிக்கும் வேலை சாவோ பாவுலோவைச் சேர்ந்த ஜார்ஜ் வில்ஹெய்ம் தலைமையிலான குழுவிடம் போனது. அதோடு உள்ளூரில் இணைந்து பணியாற்ற அமைக்கப்பட்ட இளைஞர் குழுதான் அந்த ஆண்டு இறுதியில் 'இப்புக்' என்ற நகர ஆய்வு, திட்டமிடல் நிறுவனமாக உருவெடுத்தது. லெர்னர் அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தார், பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். 1966-இல் திட்டம் சட்டமானது. இப்படிப்பட்ட திட்டங்கள் பல நகரங்களில் அலமாரியோடு நின்றுவிடும். குரிட்டிபாவிலேயே 1943-இல் பிரெஞ்சு நிபுணர் அல்ஃப்ரெட் அகாஷ் போட்டுக் கொடுத்த திட்டம் பாதியும் நிறைவேறவில்லை. இந்த முறை திட்டம் தீட்டியவர்களில் ஒருவரே 1971-இல் மேயராக வந்து உட்கார்ந்தார்.

அவர் எப்படி வந்தார் என்பது முக்கியம். ராணுவ ஆட்சியில் மாநிலத் தலைநகரங்களுக்கு மேயர் தேர்தல் கிடையாது. ஆளுநர் நியமிப்பார். அந்த ஆளுநரும் மக்கள் வாக்கில் வந்தவர் அல்ல. 33 வயது லெர்னருக்குக் கட்சிக்குள் தளம் எதுவும் இல்லை. பிரச்சினை செய்யாத தொழில்நுட்ப ஆள் என்பதே அவருக்கு இருந்த தகுதி. 1971–75, 1979–83 என்ற முதல் இரண்டு பதவிக்காலங்களும் இப்படி வந்தவையே.

நியமன மேயர் என்ன செய்தார் என்பதற்கு நவம்பர் 15 தெருவைப் பார்க்கலாம். நகரின் முக்கியக் கடைத்தெரு அது. 1972 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலையாட்கள் இறங்கித் தெருவைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். 72 மணி நேரத்தில், கல் பதித்து, விளக்கும் பூத்தொட்டியும் இருக்கையும் வைத்து, கார் நுழைய முடியாத நடைபாதைத் தெருவாக அதை மாற்றிவிட்டார்கள். வேலை இழுத்தால் வியாபாரிகள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிடுவார்கள் என்று லெர்னருக்குத் தெரியும். அதனால்தான் அந்த வேகம். கார் ஓட்டிகள் கூட்டமாக வந்து தெருவை மீட்போம் என்று மிரட்டியபோது, தெரு நெடுக நீளமான காகிதச் சுருளை விரித்து, குழந்தைகளை உட்காரவைத்து ஓவியம் வரையச் சொன்னார். கார்கள் திரும்பிப் போயின. எதிர்த்த கடைக்காரர்கள் கொஞ்ச நாளில் வியாபாரம் கூடியதைப் பார்த்து, அடுத்த தெருவையும் இப்படி மாற்றித் தரச் சொன்னார்கள்.

அழகான கதை, நடந்த கதையும்கூட. அதில் ஒரு பாடமும் இருக்கிறது: முதலில் செய், ஒப்புதல் பின்னால் வரும். லெர்னர் அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

அவருடைய உண்மையான மேதைமை பேருந்தில் தெரிந்தது என்பதை விட, பேருந்தையும் நிலப் பயன்பாட்டையும் ஒரே கோட்டில் கட்டியதில் தெரிந்தது என்பதே சரி. நகர மையத்திலிருந்து வெளியே நீளும் அச்சுகள். ஒவ்வோர் அச்சிலும் நடுவில் பேருந்துக்கு மட்டும் இரு தடங்கள், அவற்றின் இருபுறமும் மெதுவாகப் போகும் உள்ளூர் வண்டிகளுக்கான தடம். ஒரு தெரு தள்ளி இந்தப் பக்கம் மையத்தை நோக்கிய ஒருவழி விரைவுச் சாலை, அந்தப் பக்கம் வெளியே போகும் ஒருவழிச் சாலை. உயரமான கட்டடம் கட்ட அனுமதி இந்த அச்சின் ஓரத்தில்தான். விலக விலக உயரம் குறையும். ஆக, ஆட்கள் எங்கே அடர்த்தியாக வாழ்கிறார்களோ அங்கே பேருந்து ஓடுகிறது. பேருந்து ஓடும் இடத்தில்தான் அடர்த்தியே அனுமதிக்கப்படுகிறது. 1974-இல் வடக்கு–தெற்கு அச்சில் முதல் விரைவுப் பேருந்துகள் ஓடின. 1980-இல் ஒரே கட்டணத்தில் வண்டி மாறிப் போகும் ஒருங்கிணைந்த வலையமைப்பு வந்தது. 1991-இல் கண்ணாடிக் குழாய் நிறுத்தங்கள்: உள்ளே நுழையும்போதே கட்டணம், தளமும் வண்டியும் ஒரே மட்டம். 1992-இல் வால்வோ செய்து கொடுத்த, 270 பேர் ஏறக்கூடிய மூன்று பெட்டிப் பேருந்து. சுரங்க ரயிலுக்குப் பணம் இல்லாத நகரம், சுரங்க ரயிலின் வேலையைத் தரைமேலேயே செய்தது. பின்னாளில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா இதைப் பார்த்துத்தான் டிரான்ஸ்மிலேனியோ என்ற தன் விரைவுப் பேருந்து வலையைக் கட்டியது.

வெள்ளம் வரும் ஆற்றோரங்களைக் காங்கிரீட் கால்வாயாக்காமல், ஏரியோடு கூடிய பூங்காக்களாக விட்டதும் அதே சிந்தனைதான். 1972-இல் திறந்த பரிகுய் பூங்கா மட்டும் 140 ஹெக்டேர். 1973-இல் நகரின் மேற்கே தொழில் நகரம் ஒன்றுக்கு நிலம் எடுத்தார்கள். வால்வோ அங்கேதான் வந்தது.

சர்வாதிகாரத்தின் நிழலில் செய்தது என்று இவை அனைத்தையும் ஒரே வீச்சில் ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ராணுவம் நியமித்த மேயர்கள் பிரேசில் முழுக்க இருந்தார்கள். பலர் மேம்பாலம் கட்டிவிட்டுப் போனார்கள். தவிர, லெர்னர் பின்னர் மக்களிடமும் போனார். 1985-இல் தலைநகரங்களுக்கு மேயர் தேர்தல் திரும்பியபோது போட்டியிட்டு ரோபெர்ட்டோ ரெக்கியாவ் என்பவரிடம் தோற்றார். 1988-இல் வாக்குப்பதிவுக்கு 12 நாள் இருக்கும்போது களமிறங்கி வென்றார். அந்த மூன்றாவது பதவிக்காலத்தில்தான் குழாய் நிறுத்தங்களும், தாவரவியல் பூங்காவும், கல்குவாரியில் இரும்புக் குழாய்களால் எழுப்பிய அரங்கமும், லாரி நுழைய முடியாத குடிசைப் பகுதிகளில் மக்களே குப்பையைச் சுமந்து வந்து கொடுத்து விளைபொருள் வாங்கிப்போகும் திட்டமும் வந்தன. நான்கு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ காய், பழம். அதையும் விலைபோகாமல் தேங்கிய விளைச்சலிலிருந்து வாங்கியதால் விவசாயிக்கும் பணம் போனது.

இந்தப் புகழோடு 1994-இல் ஆளுநர் தேர்தலில் நின்று முதல் சுற்றிலேயே வென்றார்.

அப்போது அவர் கையில் வந்தது வேறு வகையான அதிகாரம். மேயரிடம் இருப்பது தெரு, பேருந்து, பூங்கா, கட்டட அனுமதி. இவற்றை வரைய முடியும். ஆளுநரிடம் இருப்பது வங்கி, மின்வாரியம், நெடுஞ்சாலை, சரக்குகள் மீதான வரி, அதோடு 'ராணுவக் காவல்துறை' என்று பெயர் கொண்ட மாநிலக் காவல்துறை. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, 399 நகராட்சிகள், ஒரு கோடியை நெருங்கும் மக்கள். இவர்களில் பெரும்பாலோர் குரிட்டிபாவில் வாழாதவர்கள்.

அவர்கள் யார் என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பரானாவின் வடக்கு, ஒரு காலத்தில் காப்பி தேசம். 1975 ஜூலையில் விழுந்த கடும் உறைபனி மாநிலத்தின் காப்பித் தோட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. மறுபடி காப்பி நட்டவர்கள் குறைவு. சோயாவும் கோதுமையும் வந்தன, டிராக்டர் வந்தது; பல குடும்பங்கள் செய்த வேலையை ஓர் இயந்திரம் செய்தது. மேற்கே பராகுவே எல்லையில் இட்டைப்பு அணை 1982-இல் நீரைத் தேக்கியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலமிழந்தன. நிலமற்றோர் இயக்கம் 1984-இல் முறைப்படி தோன்றிய இடம் பரானாவின் கஸ்கவேல் நகரம் என்பதில் வியப்பில்லை.

நிலமிழந்தவர்களில் ஒரு பகுதி குரிட்டிபாவுக்கு வந்தது. 1970-இல் 6 லட்சமாக இருந்த நகரம் 1980-இல் 10 லட்சத்தைத் தாண்டியது. மேயர் லெர்னர் இந்த மக்களைப் பயணிகளாக, புதிய குடியிருப்புகளாகச் சந்தித்தார். அவர்களுக்குப் பாதை போட்டார், பேருந்து விட்டார். நகரத்துக்கு வராமல், பெரிய பண்ணைகளின் வேலி ஓரத்தில் கறுப்புப் பாலித்தீன் கூடாரம் போட்டு உட்கார்ந்த மற்றொரு பகுதியை ஆளுநர் லெர்னர் சந்தித்தார். ஒரே பனியில் வேரறுந்த மக்கள்தான் இரண்டு பகுதியினரும்.

ஆளுநரின் பதில் ஒரு கட்டடக் கலைஞரின் பதிலாகவே இருந்தது: கிராமக் குடியிருப்புகள். தினக்கூலிக்குப் பண்ணை வேலை செய்யும் குடும்பத்துக்கு ஒரு சிறு வீடு, மின்சாரம், தண்ணீர், சுற்றி 5,000 சதுர மீட்டர் மண். ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். உலக வங்கிக் கடனும் இதில் சேர்ந்தது. மாநிலமெங்கும் இப்படிப்பட்ட குடியிருப்புகள் எழுந்தன, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லாரியில் ஏறி ஊர் ஊராகக் கூலிக்குப் போனவருக்குச் சொந்த வாசல் என்பது பெரிய விஷயம். ஆனால் ஒன்றேகால் ஏக்கரில் ஒரு குடும்பம் உழுது பிழைக்க முடியாது. பக்கத்துப் பண்ணையில் கூலி வேலை தொடர்ந்தால்தான் அந்த வீடு நிற்கும். நிலமற்றோர் கேட்டது நிலம். அவருக்கு வரையத் தெரிந்தது வீடு.

இதில் அவர் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. பிரேசிலில் நிலச் சீர்திருத்தத்துக்காகப் பண்ணையைக் கையகப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுடையது, ஆளுநருக்கு இல்லை. நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவு போட்டால் அதை நிறைவேற்ற வேண்டிய காவல்துறை மட்டும் அவருடையது. நிலம் கொடுக்க முடியாது, ஆட்களை அப்புறப்படுத்த மட்டும் முடியும் என்ற நிலை எந்த ஆளுநரையும் ஒரே திசையில் தள்ளும். எவ்வளவு வேகமாகத் தள்ளப்படுவது என்பது மட்டும் ஆளைப் பொறுத்தது. லெர்னரின் இரண்டாவது பதவிக்காலத்தில் வடமேற்குப் பரானாவின் முகாம்கள் அடுத்தடுத்துக் கலைக்கப்பட்டன. 1999-இல் நிலமற்றோர் கூட்டுறவு அமைப்புகளின் தொலைபேசிகளை மாநிலக் காவல்துறை ஒட்டுக்கேட்டது. பதிவுகள் ஊடகங்களுக்குப் போயின. அதற்காக 2009-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் பிரேசிலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

2000 மே 2 அன்று, நிலச் சீர்திருத்தம் கேட்டுத் தலைநகரை நோக்கிப் பேருந்துகளில் வந்துகொண்டிருந்தவர்களை கம்போ லார்கோ அருகே நெடுஞ்சாலையில் காவல்துறை மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு விவசாயத் தொழிலாளி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். சுட்டவர் தண்டிக்கப்படவில்லை. அதே நீதிமன்றம் இந்த வழக்கிலும் பிரேசிலுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வெளியானது 2024 மார்ச்சில். இறந்தவருக்காக அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தை வடிவமைத்தவர் ஆஸ்கார் நீமையர். பிரேசிலின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர், ஒரு கட்டடக் கலைஞர் ஆண்ட மாநிலத்தில், அந்த ஆட்சியின் காவல்துறைக்கு எதிரான சாட்சியாக ஒன்றை வரைந்து கொடுத்தார்.

பணப் பக்கம் இதைவிடச் சிக்கலானது. 1994 ஜூலையில் ரெயால் என்ற புதிய நாணயத்தோடு வந்த ரெயால் திட்டம் பிரேசிலின் பெரும் பணவீக்கத்தை அடக்கியது. மாநிலங்களுக்கு அது மறைமுகமான அடி. அதுவரை சம்பளத்தைச் சில வாரம் தள்ளிக் கொடுத்தாலே செலவின் உண்மை மதிப்பு கரைந்துவிடும்; மாநில வங்கிகளும் பணவீக்கத்தில்தான் லாபம் பார்த்தன. அந்த வழி அடைபட்டதும் ஓட்டைகள் வெளியே தெரிந்தன. பரானாவின் மாநில வங்கியான பனெஸ்டாடோ அப்படித்தான் சரிந்தது. அதைச் சீராக்க மாநிலம் 500 கோடி ரெயாலுக்கும் மேல் கடன் ஏற்றது. 2000 அக்டோபரில் இட்டாவு வங்கி அதை 162.5 கோடி ரெயாலுக்கு வாங்கியது. கடன் மட்டும் மாநிலத்திடம் தங்கியது, வருடக்கணக்கில்.

நெடுஞ்சாலைகளில் சுங்கம் வந்த விதம் இன்னும் மோசம். 1997-இல் சுமார் 2,500 கிலோமீட்டர் சாலைகள் ஆறு பகுதிகளாக, 24 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் போயின. 1998-இல் வசூல் தொடங்கியது. விவசாயிகளும் லாரிக்காரர்களும் கொதித்தார்கள். அக்டோபரில் தேர்தல். ஜூலையில் ஆளுநர் சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தார், ஒப்பந்ததாரர்களின் சம்மதமில்லாமல். தேர்தலில் ரெக்கியாவைத் தோற்கடித்து மறுபடி வென்றார். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2000-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, கட்டணம் மீண்டும் ஏறியது, நிறுவனங்கள் செய்ய வேண்டிய சாலைப் பணிகள் குறைந்தன. 1972-இல் கடைத்தெருவில் பலித்த அதே உத்திதான் இது: முதலில் செய், பிறகு பேசலாம். தெருவில் நடந்தது நல்லது என்பதை மக்கள் ஒரே மாதத்தில் தங்கள் காலாலேயே நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். 24 ஆண்டு ஒப்பந்தத்தில் அப்படி நடந்து பார்க்க எதுவும் இல்லை. எழுதிய வாசகமும் நீதிமன்றமும்தான் இருக்கின்றன.

கோப்பெல் என்ற மாநில மின் நிறுவனத்தை விற்கப் போனபோது அந்த உத்தி முழுவதுமாக முறிந்தது. 1954-இல் தொடங்கப்பட்ட கோப்பெல் நன்றாக ஓடிய நிறுவனம். 2001-இல் பிரேசிலின் பெரும்பகுதி மின்பற்றாக்குறையில் கட்டாய மின்சிக்கனத்துக்குள் போனபோது, தென் மாநிலங்கள் அதற்கு வெளியே இருந்தன. சரியாக அந்த ஆண்டில்தான் விற்பனை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, விற்பனையைத் தடுக்கும் மசோதாவை மக்களே சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். விவசாயச் சங்கமும் மாணவர்களும் தேவாலயங்களும் வணிகர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஆகஸ்டில் மாணவர்கள் சட்டமன்றத்துக்குள் புகுந்து அமர்ந்தார்கள். மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது, 27-க்கு 26. ஆளுநர் வென்றார் என்று சொல்லலாம். ஆனால் ஏலத்துக்கு ஆள் வரவில்லை, விற்பனை கைவிடப்பட்டது. கையில் பெரும்பான்மையும் எதிரே மாநிலமும் இருக்கும்போது முதலீட்டாளர் யோசிக்கத்தானே செய்வார்.

தொழில் வளர்ச்சியை அவர் ஆட்சியின் சாதனை என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. குரிட்டிபாவை ஒட்டிய சாவோ ஜோசே டோஸ் பின்யாய்ஸில் ரெனோ கார் ஆலை 1998 டிசம்பரில் திறந்தது, வோக்ஸ்வாகன்–ஆவ்டி ஆலை 1999 ஜனவரியில். காப்பி, சோயா மாநிலம் கார் மாநிலமாகவும் ஆனது. ஆனால் மாநிலங்கள் வரிச்சலுகையில் ஒன்றையொன்று முந்திய காலம் அது; பரானா வரியைத் தள்ளிவைத்தது, நிலம் கொடுத்தது, ரெனோவில் மாநிலமே பங்கு முதலும் போட்டது. கம்போ லார்கோவில் 1998-இல் திறந்த கிரைஸ்லர் ஆலை 2001-இல் மூடியே போனது. எல்லா ஆலைகளும் தலைநகரைச் சுற்றியே வந்தன. உறைபனி அடித்த வடக்குக்கு ஒன்றும் போகவில்லை. அதிலும் ரெனோ வந்த இடம், குரிட்டிபா குடிக்கும் தண்ணீரின் ஊற்றுப் பகுதி. ஆற்றோரத்தைப் பூங்காவாகக் காத்த மேயரின் பெயரை வைத்தே சூழலியலாளர்கள் ஆளுநரைக் கேள்வி கேட்டார்கள். எனக்கும் இதற்கு நல்ல பதில் தெரியவில்லை. நீர்ப்பிடிப்பைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆளுநர் பிரேசிலில் அன்று வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

2002 நவம்பரில், பதவி முடிய ஐந்தாறு வாரம் இருக்கும்போது, அவர் ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். நீமையர் 1967-இல் வரைந்த, அரசு அலுவலகமாகக் கிடந்த கட்டடத்தை மாற்றி, பக்கத்தில் கண் வடிவக் கூடத்தையும் நீமையரையே வரையச் சொல்லிக் கட்டியது. இன்று அது நீமையர் பெயரில் இருக்கிறது, குரிட்டிபா போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம். சுங்கத்தைக் குறைப்பேன், இல்லையென்றால் ஒழிப்பேன் என்று பேசிய ரெக்கியாவ் அந்த ஆண்டுத் தேர்தலில் ஆளுநரானார். அவராலும் அது முடியவில்லை. ஒப்பந்தங்கள் 2021 நவம்பர்வரை ஓடி முடிந்தன.

லெர்னர் அதன் பிறகு எந்தப் பதவிக்கும் போட்டியிடவில்லை. 2002 முதல் 2005 வரை உலகக் கட்டடக் கலைஞர்கள் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். நகரத்தின் ஒரு புள்ளியில் சிறிதாக, விரைவாகத் தலையிட்டால் சுற்றியுள்ள பகுதியும் உயிர்பெறும் என்ற 'நகர அக்குபங்சர்' கருத்தை 2003-இல் புத்தகமாக எழுதினார். எட்டு ஆண்டுகள் மாநிலத்தை ஆண்டவர், வெளியே வந்ததும் ஒரு தெரு, ஒரு சதுக்கம், ஒரு நிறுத்தம் என்ற அளவுக்குத் திரும்பியதை நான் ஒரு வாக்குமூலமாகவே வாசிக்கிறேன். 2021 மே 27 அன்று, 83 வயதில் இறந்தார். அவரால் விற்க முடியாமல் போன கோப்பெல் 2023 ஆகஸ்டில் தனியார்மயமானது.

ஆளுநர் லெர்னரும் மேயர் லெர்னரும் உண்மையில் கைகோத்த இடம் ஒன்று இருந்தது: பெருநகரப் பகுதி. குரிட்டிபாவில் நில விலை ஏற ஏற, ஏழைகள் கொலம்போ, பிராக்குவாரா போன்ற பக்கத்து நகராட்சிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே குரிட்டிபா மேயரின் அதிகாரம் செல்லாது. மாநில அரசின் அதிகாரம் செல்லும். 1996-இல் மாநிலமும் நகரமும் உடன்பட்டு, ஒரே கட்டணப் பேருந்து வலையை எல்லை தாண்டி நீட்டின. ஆளுநராக அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கட்டடக் கலைஞரின் அறிவுக்கும் ஆளுநரின் அதிகாரத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை இருந்த இடம் இது. ஆனால் அன்று ஆளுநரும் மேயரும் ஒரே அணி, ஒரே திட்ட நிறுவனத்தில் வளர்ந்த நண்பர்கள். அதனால் உடன்பாட்டை யாரும் மாற்ற முடியாத நிரந்தர அமைப்பாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2015 பிப்ரவரியில், மானியத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்று வேறொரு மாநில அரசும் வேறொரு மேயரும் சண்டை போட்டபோது, அந்தக் கட்டண ஒருங்கிணைப்பு பிரிந்தது.